மாணவர்கள் எங்கே விவாதிப்பது?

“பையன் பள்ளிக்கூடம் போய் என்ன கிழிக்கப் போகிறான்? எல்லாம்தான் போனிலேயே வந்துவிட்டதே!”

ஆம்பூர் பஸ் நிலையத்தில், பேரணாம்பட்டு டீக்கடையில், பாலாற்றங்கரைக் கழனியில் களை எடுக்கும் இடத்தில்கூட இன்று இந்தப் பேச்சைக் கேட்கலாம். சொல்லுகிறவர் யார்? காலையில் தோல் ஷாப்புக்குப் போய், மாலையில் கை வெந்து திரும்புகிற தொழிலாளி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தமக்குக் கிடைக்காத படிப்பு, மகன் கையிலே ஒரு கண்ணாடித் துண்டு வழியாக வந்து கொட்டுகிறதே என்ற வியப்பில் சொல்லுகிறார்.

ஆனால் இதே பேச்சை டில்லியில் பெரிய நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்களும் பேசுகிறார்கள். அங்கே அதன் அர்த்தம் வேறு. 2021ல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி வகுத்தது. கல்லூரியில் ஒரு பருவத்துக்கு நடத்தும் பாடங்களில் 40 சதவிகிதம் வரை ‘ஸ்வயம்’ என்ற இணையவழிப் படிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதே ஆண்டு மே மாதம், பாதிக்குச் சற்றுக் குறைவாக வீட்டிலும் மீதி வகுப்பிலும் என்று ‘கலப்புக் கல்வி’க்கு ஒரு வரைவும் வெளியிட்டது. வகுப்பறை குறைந்தால் என்ன ஆகும்? ஆசிரியர் சம்பளம் மிச்சம், கட்டடம் மிச்சம், பெஞ்சு மிச்சம். யாருக்கு மிச்சம் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த விஷயத்தைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அக்கறையோடு ஆராய வேண்டும் என்று கருதுகிறோம்.

பாடம் கேட்பது ஒன்று, விவாதிப்பது வேறு. பாடத்தைப் போனிலே கேட்கலாம், டெலிவிஷனில் கேட்கலாம், ரேடியோவிலும் கேட்கலாம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் “ஏன்?” என்று கேட்பதும், “அப்படியில்லை” என்று மறுப்பதும், மறுத்தவனுக்குப் பதில் சொல்வதும், சில சமயம் “நான் நினைத்தது தவறு” என்று ஒப்புக்கொள்வதும் படிப்பில் பாதி. யூனியன் கூட்டத்தில் நமக்கு வேண்டியதும் அதுதானே? பஞ்சப்படிக் கணக்கை முதலாளியின் மானேஜரிடம் வாதாடுகிறவன் அந்தத் திறமையை எங்கே கற்றான்? மாணவர்கள் பேசிப் பழகுவதற்கு இன்று மூன்று இடங்கள் இருக்கின்றன: வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற சமூக ஊடகங்கள், ஒருவர் கேள்வி எழுதப் பலர் கீழே பதில் எழுதும் இணைய விவாத அரங்கங்கள், நமது பழைய வகுப்பறை. இந்த மூன்றில் எது நம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறது?

ஏட்டளவில் ஆராய வேண்டிய அவசியமே இல்லை. நாடு பூராவும் இந்தச் சோதனை நடந்து முடிந்திருக்கிறது. சோதனைக்கு உட்பட்டவர்கள் நம் குழந்தைகள்.

2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ல். 19 மாதங்களுக்கு மேல்! இரண்டாம் வகுப்பில் பையைத் தூக்கி வீட்டுக்கு வந்த குழந்தை நான்காம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. போனில் வகுப்பு வந்தது. யாருக்கு வந்தது? 2017–18ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் 100க்கு 24 வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. கிராமப்புறத்தில் 100க்கு 15 வீடுகள்தாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், ஏழைக் குடும்பங்களின் 1,400 குழந்தைகளைக் கண்டு ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். கிராமத்துக் குழந்தைகளில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் 100க்கு 8 பேர். படிப்பையே விட்டு நின்றவர்கள் 37 பேர்.

நம் பகுதியில் இதை நேரில் பார்த்தோம். வீட்டில் போன் ஒன்று. தளர்வு அறிவித்து ஷூ கம்பெனிகள் திறந்ததும் அந்தப் போன் அம்மாவோடு ஷிப்டுக்குப் போய்விட்டது. இரவு எட்டு மணிக்கு அது திரும்பி வரும்போது, காலையில் உபாத்தியாயர் அனுப்பிய கணக்கு குழந்தைக்குக் கிடைக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூத்தவனுக்கே முதல் உரிமை. பெண் பிள்ளைக்குக் கடைசி. கணக்கைப் பார்த்த பிள்ளைகள் குழுவில் கட்டை விரல் படம் ஒன்றை அனுப்புவார்கள். வகுப்பில் 40 பேர் என்றால் 40 கட்டை விரல்! யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று கட்டை விரலைப் பார்த்து எந்த உபாத்தியாயர் கண்டுபிடிப்பார்? வகுப்பறையில் அவர் முகத்தைப் பார்க்கிறார். மூன்றாவது வரிசையில் ஒருத்தி புருவத்தைச் சுருக்கினால் நிறுத்திவிட்டுத் திரும்பச் சொல்லுகிறார். அதற்கு எந்தக் கம்பெனியும் இன்னும் இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை.

கேரளத்தில் 2020 ஜூன் 1ல் இணையவழி வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புரம் மாவட்டத்தில், தினக்கூலித் தொழிலாளியின் மகளான ஒரு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டு டெலிவிஷன் பழுது. ஸ்மார்ட் போன் கிடையாது. படிப்பில் கெட்டிக்காரி. வகுப்பிலிருந்து தள்ளப்பட்டோம் என்ற எண்ணம் ஒரு குழந்தையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

அதற்காகப் போனை எதிரி என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது, மில்லில் இயந்திரம் வந்தபோது இயந்திரத்தை உடைக்கக் கிளம்பிய கதையாகிவிடும். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் பெண்கள் மாலையில் சில மணி நேரம் போன் வைத்திருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஒரு மாணவி எதிர்த்தாள். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை உபயோகிப்பது கல்வி பெறும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சரியான தீர்ப்பு. பையன்கள் இரவு பத்து மணிக்கும் டீக்கடையில் நின்று பேசலாம்; பெண்ணுக்கு வெளி உலகம் என்று இருப்பது பல வீடுகளில் அந்தப் போன் ஒன்றுதான். வகுப்பில் வாய் திறக்காத பெண், தோழிகள் குழுவில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். அதை நாம் மதிக்க வேண்டும். 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் லட்சக்கணக்கான வாலிபர்கள் கூடினார்களே, அவர்களை அழைத்தது எந்தக் கட்சி? வாட்ஸ்அப்பும் முகநூலும்தான் அழைத்தன. ஆள் திரட்டுவதில் இதற்கு நிகரான கருவி இதுவரை வந்ததில்லை.

ஆனால் ஆள் திரட்டுவதும் விவாதிப்பதும் ஒன்றா?

முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே கம்பெனியின் சொத்து. அமெரிக்காவின் மெட்டா கம்பெனி. 2024ல் அதன் வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 100க்கு 97 பங்குக்கு மேல் விளம்பரக் காசு. ஆக, அந்த இடம் பேசுவதற்காகக் கட்டப்பட்ட மன்றம் அல்ல; விளம்பரம் பார்க்கக் கூட்டம் சேர்க்கும் சந்தை. சந்தையில் யார் அதிகம் கத்துகிறானோ அவனைச் சுற்றித்தான் கூட்டம். கோபமும் பயமும் பரபரப்பும் கூட்டத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. நிதானமான பேச்சு நிறுத்துவதில்லை. 2024ல் இந்தியக் கிராமங்களில் நடந்த ‘அசர்’ கணக்கெடுப்பு, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. ஸ்மார்ட் போன் உபயோகிக்கத் தெரிந்தவர்களில், முந்திய வாரத்தில் படிப்புக்காகப் போனைத் தொட்டவர்கள் 100க்கு 57 பேர். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 பேர். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. அந்தச் சந்தையைக் கட்டியவர்கள், கண் எங்கே நிற்கும் விரல் எங்கே நகரும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

விவாதம் இல்லாத பேச்சு என்ன செய்யும்? 2018ஐ நம் பகுதி மறந்திருக்க முடியாது. ‘வட இந்தியாவிலிருந்து குழந்தை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது’ என்று வேலூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில் வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. குரல் பதிவும் வந்தது, படமும் வந்தது. அனுப்பியது யார்? தெரியாது. பார்த்தவர் யார்? யாரும் இல்லை. மே 9ஆம் தேதி, போளூர் அருகே அத்திமூர் பகுதியில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம் வழியில் நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். கும்பல் சூழ்ந்தது. அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் குற்றுயிராகத் தப்பினார்கள். கொன்றவர்கள் யார்? கொள்ளைக்காரர்களா? கிராமத்துச் சாதாரண மக்கள், நம்மைப் போன்றவர்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூலையில் அந்தக் கம்பெனி, ஒரு செய்தியை ஒரு தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவுக்குக் கட்டுப்பாடு வைத்தது. நாடு முழுவதும் பல உயிர்கள் போன பிறகு!

இந்த வதந்தி ஒரு வகுப்பறைக்குள் நுழைந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? “எங்கே? எந்த ஊர்க் குழந்தை காணாமல் போயிற்று? பெயர் என்ன?” என்று ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கும். ராணிப்பேட்டைப் பிள்ளை எழுந்து இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கழிவுச் சேறு மூடியது. செத்த 10 பேரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வடக்கிலிருந்து வந்தவன் நம் குழந்தையைப் பிடிக்க வந்தவனா, நம்மோடு சேர்ந்து அந்தச் சேற்றில் வேலை செய்ய வந்தவனா? இந்தக் கேள்வியை வாட்ஸ்அப் கேட்காது. கேட்டாலும் கேள்வி, வதந்தியின் வேகத்தில் ஓடாது.

இரண்டாவது இடமாகிய இணைய விவாத அரங்கம் இதைவிட மேல் என்பதே நமது அபிப்பிராயம். காரணம், அங்கே கேள்வியும் பதிலும் அழியாமல் வரிசையாக நிற்கின்றன. நாளைக்கு வருகிறவன் ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003ல் தொடங்கியது, விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னும் ‘உரையாடல்’ என்று ஒரு பக்கம் உண்டு. எழுதியது சரியில்லை என்று நினைக்கிறவர் அங்கே எழுதலாம். முதல் கேள்வி என்ன? “சான்று எங்கே?” இந்த இரண்டு சொல் நம் வாலிபர்களின் நாக்கில் ஏறினால் பாதி வதந்தி செத்துப் போகும். வேலூர்க் கல்லூரியில் படிக்கும் பெண், நள்ளிரவில் ஒரு கணக்குப் புரியாமல் கேள்வி எழுதினால், கனடாவிலிருந்து ஒரு தமிழர் விடை எழுதக்கூடும். இதை அற்பமாக எண்ணக்கூடாது.

எனினும் அங்கேயும் ஒரு சங்கடம். 2025 செப்டம்பரில் நேபாள சர்க்கார் 26 சமூக ஊடகங்களைத் தடை செய்தது. வாலிபர்கள் வீதிக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள், பிரதமர் விலகினார். விலகியவர், கம்யூனிஸ்ட் என்று பெயர் தாங்கிய கட்சியின் தலைவர். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. பிள்ளைகளின் வாயை மூட நினைத்தால் யாராயிருந்தாலும் முடிவு ஒன்றுதான். பிறகு அந்த வாலிபர்கள் ‘டிஸ்கார்ட்’ என்ற இணைய அரங்கத்தில் லட்சத்துக்கு மேல் கூடி, இடைக்காலப் பிரதமராக யாரை முன்மொழிவது என்று வாதாடினார்கள், வாக்களித்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி செப்டம்பர் 12ல் பதவி ஏற்றார். உலகம் வியந்தது, நாமும் வியந்தோம். ஆனால் அந்த அரங்கத்தில் பேசியவர் யார், எந்த ஊர், நேபாளிதானா என்று யாருக்குத் தெரியும்? மலைக்கிராமத்தில் கூலி வேலை செய்யும் வாலிபன் அங்கே இருந்தானா? எழுதத் தெரிந்தவன், வேகமாகத் தட்டத் தெரிந்தவன், அநேகமாக இங்கிலீஷும் தெரிந்தவன்: அரங்கம் அவன் பக்கம் சாய்கிறது. நம் பிள்ளைகளுக்கும் இதே கதி. பெரிய அரங்கங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கின்றன. ஆம்பூரில் உருது மீடியத்தில் படிக்கும் பெண்ணுக்கும், மாதனூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கும் பையனுக்கும் அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இனி வகுப்பறைக்கு வருவோம். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் ஒரு சர்க்கார் உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு. ஒரே பெஞ்சில் இரண்டு பேர். ஒருவனுடைய தகப்பனார் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். மற்றவனுடைய தகப்பனார் பாலாற்றோரம் கழனியில் கூலி வேலை. ஆசிரியர் குரோமியத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். முதல் பையனுக்குக் குரோமியம் என்றால் சோறு. அப்பாவின் கூலி அதிலிருந்து வருகிறது. இரண்டாவது பையனுக்குக் குரோமியம் என்றால் கெட்டுப்போன கிணறு. தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலம், இன்று உப்புப் பூத்துக் கிடக்கிறது. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை எடுத்துக் கூறியது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியதி இந்த நாட்டின் சட்டமாக நிலைபெற்றது அந்தத் தீர்ப்பில்தான். நம் பாலாற்றின் பெயரால்தான்! அதற்குப் பிறகும் 2025 ஜனவரி 30ல் அதே பாலாறு குறித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், ஆற்றைச் சீராக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு பையன்களும் போனில் எங்கே போவார்கள்? ஒருவன், ‘தொழிலைக் காப்பாற்றுவோம்’ என்று எழுதும் குழுவுக்கு. மற்றவன், ‘தோல் ஷாப்பை மூடு’ என்று எழுதும் குழுவுக்கு. ஒவ்வொருவனுக்கும் அவனுடைய கோபத்துக்கு ஏற்ற செய்தியையே அந்த இயந்திரம் பொறுக்கிப் பொறுக்கி ஊட்டும். சில மாதத்தில் ஒருவன் மற்றவனுக்கு எதிரி. முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்? தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தால், சுத்திகரிப்புக்குச் செலவழிக்க வேண்டிய காசு பத்திரமாகப் பெட்டியில் கிடக்கும்.

ஆனால் பெஞ்சிலே? பெஞ்சிலே இருவரும் ஒரே டிபன் டப்பாவில் கை வைக்கிறார்கள். எழுந்து போக முடியாது. மணி அடிக்க வேண்டும். ஒருவன் கேட்பான்: “அப்படியானால் எங்கப்பா வேலையை விடணுமா?” மற்றவன் சொல்வான்: “அப்ப எங்க கிணத்துத் தண்ணியை நீ குடி.” ஆசிரியர் கெட்டிக்காரராயிருந்தால் இங்கேதான் பாடம் ஆரம்பமாகிறது. டிரம்மில் போடும் குரோமிய உப்பு எது, நச்சுத் தன்மை மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் எது, இரண்டும் ஒன்றா? ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன, 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவில் இருப்பது எது? மழை பெய்தால் அது எங்கே இறங்குகிறது? முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்டார்களே, அதை ஏன் பெரும்பாலும் விட்டார்கள்? கழிவைச் சுத்தம் செய்ய ஆகும் செலவை யார் தருவது: கூலியில் பிடிப்பதா, லாபத்தில் பிடிப்பதா? கடைசிக் கேள்வி வரும்போது இரண்டு பையன்களும் ஒரே பக்கம் திரும்பியிருப்பார்கள். யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

இதைத்தான் வகுப்பறை செய்கிறது, வேறெதுவும் செய்வதில்லை. தோலும் கழனியும், தமிழும் உருதுவும், ஊரும் சேரியும் நாம் தேர்ந்தெடுக்காமலே எதிரெதிரே உட்கார்கிற இடம் அது. போனில் நாம் தேர்ந்தெடுத்தவர்களோடு பேசுகிறோம். பிடிக்காதவனை ஒரு விரலில் வெளியேற்றிவிடுகிறோம்.

1953ல் ராஜாஜி மந்திரிசபை, கிராமத்துக் குழந்தைகள் ஒரு வேளை மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும், மற்ற வேளையில் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டது. தோல் பதனிடுகிறவன் மகன் தோல் பதனிடட்டும் என்பதே அதன் பொருள். நாடே கொதித்தது. 1954ல் காமராஜ் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் குப்பைக்குப் போனது. சட்டசபைக்கு அவர் அந்த ஆண்டு வந்தது நம் குடியாத்தம் இடைத்தேர்தலின் வழியாகத்தான். வகுப்பறையைப் பாதியாக்கும் யோசனை இன்று புதிய சட்டை போட்டு வருகிறது. தந்தை தொழிலுக்குப் பதில் தந்தையின் போன்.

ஆனால் நமது வகுப்பறைகள் இன்று இருக்கிற லட்சணத்தில் அப்படியே போற்றத் தக்கவையா? இல்லவே இல்லை. பல பள்ளிகளில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். கேள்வி கேட்டவன் ‘அதிகப் பிரசங்கி’. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த சாதி வெறியர்கள் வீடு புகுந்து வெட்டினார்களே! அவர்களும் ஒரே வகுப்பறைக்காரர்கள்தாம். பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்த ரத்தமே சாட்சி. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதிக் கயிறு கூடாது, அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொன்னது. உட்கார்ந்த பிறகு பேச வையுங்கள் என்று நாம் சேர்த்துச் சொல்லுகிறோம். உயர்ந்த படிப்பு நடக்கிற இடமும் விலக்கல்ல. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர்–பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை, யாரோ பெயரில்லாமல் எழுதிய புகாரை வைத்து நிர்வாகம் பறித்தது. மாணவர்கள் போராடினார்கள். செய்தியை நாடெங்கும் கொண்டு சேர்த்ததில் சமூக ஊடகத்துக்கும் பங்கு உண்டு. ஜூன் மாதம் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. போன் செய்ய வேண்டிய வேலை இப்படிப்பட்டதுதான்: விவாதிக்கும் அறையைப் பூட்ட வந்தால் ஊரைக் கூட்டுவது.

கூடி உட்கார்ந்து கேட்டுப் பேசும் பழக்கம் உழைப்பவனுக்குப் புதிதல்ல. கியூபாவில் ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865ல் தொழிலாளர்கள் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார்கள். ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து பத்திரிகையும் கதையும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். அவருக்குரிய சம்பளத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். மறு ஆண்டே ஸ்பானிய அதிகாரி அதைத் தடை செய்தார். ஏன்? வாசிப்பு முடிந்ததும் விவாதம் தொடங்கியது, அதுதான் காரணம். தடையை மீறி அந்த வழக்கம் பிழைத்துக்கொண்டது. கேரளத்துப் பீடிக் கூடங்களிலும் இதே பழக்கம் வளர்ந்தது. இந்த வரிகளை எழுதுகிறவன் பத்தாவதோடு நின்றவன். மீதிப் படிப்பு யூனியன் ஆபீஸ் பாயின் மீது நடந்தது. அங்கே யாரும் கட்டை விரல் காட்டி நழுவ முடியாது. “உனக்கு என்ன புரிந்தது, சொல்லு” என்பார் பெரிய தோழர்.

இனி செய்ய வேண்டியது என்ன?

16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் அமல் நடத்துகிறது. இங்கும் அப்படிச் செய்யலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. கம்பெனிகளின் கையைக் கட்டுவதை நாம் வரவேற்போம். ஆனால் பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டு, வேறு பேசும் இடம் ஒன்றும் கொடுக்காவிட்டால், அவன் என்ன செய்வான்? நூலகம் எங்கே, மைதானம் எங்கே, மாலையில் திறந்திருக்கும் அறை எங்கே? 2021 அக்டோபர் 27ல் தமிழக சர்க்கார் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தெருவிலேயே, திண்ணையிலேயே, மாலை வேளையில் குழந்தைகள் கூடினார்கள். மூடிக் கிடந்த வாய்கள் மறுபடி திறந்தது அங்கேதான். நல்ல காரியம். ஆனால் நடத்திய பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய்! ஷூ கம்பெனி கூலியே தேவலை என்று சொல்லும்படி ஒரு சர்க்கார் நடந்துகொள்ளலாமா? வேலை வேலைதான், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும்.

காலி ஆசிரியர் பதவிகளை நிரப்ப வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைக்கு ஒரு ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35க்கு ஒருவர் என்கிறது. அறுபது பேர் அடைந்த அறையில் விவாதம் நடக்காது, சத்தம்தான் நடக்கும். ஆறாம் வகுப்பு முதல் வாரத்தில் ஒரு பீரியடு, பிள்ளைகள் பேசுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். அதற்குப் பரீட்சையும் கூடாது, மார்க்கும் கூடாது. உருது மீடியப் பிள்ளைகளும் தமிழ் மீடியப் பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடங்களில் அந்த ஒரு பீரியடாவது சேர்ந்து உட்காரட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை வாரம் ஒன்றாக எடுத்து, “சான்று எங்கே?” என்று பிரித்துப் பார்க்கட்டும். போனுக்கு வகுப்பறையில் உள்ள இடம் அது.

இதையெல்லாம் கேட்க ஒரு இடமும் இருக்கிறது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உண்டு; அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். நம் பகுதியில் அந்த அம்மாக்களில் பலர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குகிறார்கள். கழனிக்குப் போகிறவர்களும் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். வேலை நாள் பிற்பகலில் கூட்டம் வைத்துவிட்டு, “பெற்றோர் வரவில்லை” என்று நோட்டில் எழுதிக்கொண்டால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வையுங்கள் என்று இந்த மாதமே தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நாலு தெருவிலிருந்து நாற்பது கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களும் அந்தத் தாளில் இருக்கட்டும்.